பிரிக்காத பெட்டியின் விலை

நண்பன் ஜெர்மனிக்குக் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், என் வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து நான்கு அட்டைப்பெட்டிகள் இறங்கின. உள்ளே 17 ரோபோ கிட்கள். 11 பிரிக்காதவை, 6 கட்டி முடித்தவை. “மச்சான், எனக்கு டைம் இல்ல. ஒரு லிஸ்ட் போட்டு, பக்கத்துல ரேட் எழுதி, கேக்கறவங்களுக்குக் குடுத்துடு. எது நல்ல கிட், எது சுமார்னு உனக்குத்தான் தெரியுமே” என்று சொல்லிவிட்டு விசா வேலையாக ஓடிவிட்டான்.

தெரியும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எட்டு வருடமாக இந்தப் பிளாஸ்டிக்கை வெட்டிக்கொண்டும் தேய்த்துக்கொண்டும் இருக்கிறேன். ஒரு பழைய நோட்டில் மூன்று கட்டம் போட்டேன்: பெயர், தரம், விலை. பெயர்க் கட்டம் பத்து நிமிடத்தில் நிரம்பியது. தரம் ஒரு மாலைப்பொழுதை எடுத்துக்கொண்டது. விலைக் கட்டம் மூன்று வாரம் ஆகியும் பாதி காலியாகவே கிடந்தது. சந்தை விலை தெரியாததால் இல்லை, அது போனில் தேடினால் கிடைத்துவிடும். தரம் என்று நான் எழுதியதும் விலை என்று எழுத வேண்டியதும் ஒன்றோடொன்று பேச மறுத்தன. ஒரு பொருள் நல்லது என்று சொல்லும்போது நாம் எதைச் சொல்கிறோம், அதற்கு மதிப்பு உண்டு என்று சொல்லும்போது எதைச் சொல்கிறோம் என்ற பழைய குழப்பம், 12 சென்டிமீட்டர் உயர ரோபோ வடிவில் என் மேஜைமேல் வந்து நின்றுகொண்டிருந்தது.

*

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1979 ஏப்ரலில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ‘மொபைல் சூட் கண்டம்’ என்ற அனிமே தொடர் ஆரம்பித்தது. இயக்கம் யோஷியுகி தொமினோ, இயந்திரங்களை வரைந்தவர் குனியோ ஓகவாரா. 52 அத்தியாயம் என்று திட்டம். பார்க்க ஆளில்லை, பொம்மையும் எதிர்பார்த்தபடி போகவில்லை என்பதால் 43-வது அத்தியாயத்தோடு 1980 ஜனவரியில் முடித்துக்கொண்டார்கள். தொடர் முடிந்து ஆறு மாதம் கழித்து, 1980 ஜூலையில், பண்டாய் நிறுவனம் அந்த நாயக ரோபோவை 144-ல் ஒரு பங்கு அளவில் பிளாஸ்டிக் கிட்டாகப் போட்டது. விலை 300 யென். மறு ஒளிபரப்பும் 1981-82-ல் வந்த மூன்று திரைப்படங்களும் சேர்ந்து, கைவிடப்பட்ட தொடரை ஊரே பார்க்கும் தொடராக மாற்றின. கடைகளில் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். கண்டம், பிளாஸ்டிக் மாடல் இரண்டையும் ஒட்டவைத்து ‘கன்பிளா’ என்று பெயர் வந்தது.

(பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானியர்கள் ‘கன்டாமு’ என்கிறார்கள். தமிழில் கண்டம் என்றே எழுதிவிடலாம், ஆங்கிலக்காரர்களைவிட நமக்கு உச்சரிப்பு பக்கத்தில் வருகிறது. சிக்கல் என்னவென்றால் என் அம்மாவுக்கு அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம்தான் தெரியும். முதல் பெட்டி வந்த அன்று, “ஜாதகத்துல இருக்கறது பத்தாதா, காசு குடுத்து வேற கண்டத்த வாங்கிட்டு வர்றியா?” என்று கேட்டார்.)

*

தரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதுதான் எனக்கு நிஜமாகவே தெரிந்த விஷயம்.

ஒரு கிட் நல்லதா என்று பெட்டியின்மேல் உள்ள ஓவியத்தை வைத்துச் சொல்ல முடியாது. முதல் பாகத்தை வெட்டும்போது தெரியும். பாகங்கள் ‘ரன்னர்’ என்கிற பிளாஸ்டிக் சட்டத்தில், காம்பில் தொங்கும் காய்கள் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காம்புக்குப் பெயர் ‘கேட்’. உருகிய பிளாஸ்டிக் அந்த வழியாகத்தான் இரும்பு அச்சுக்குள் பாய்ந்து பாகமாக உறைந்திருக்கிறது. நிப்பரால் அதை வெட்ட வேண்டும். முதலில் கொஞ்சம் தள்ளி ஒரு வெட்டு, அப்புறம் நெருங்கி இன்னொன்று. அவசரப்பட்டு ஒரேயடியாக வெட்டினால் அந்த இடம் வெளுத்துத் தழும்பாகிவிடும். நல்ல கிட் ஒன்றில் இந்தக் காம்பு எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பார்வையில் படாத ஓரத்தில், அல்லது இன்னொரு பாகம் வந்து மூடிவிடும் இடத்தில் இருக்கும். நான் எவ்வளவு மோசமாக வெட்டினாலும் தழும்பு வெளியே தெரியாது. அதாவது, பண்டாயின் தொழிற்சாலை இருக்கும் ஷிசுவோகாவில் யாரோ ஒருவர், என் கை நடுங்கும் என்று முன்கூட்டியே யோசித்திருக்கிறார்.

அச்சின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் பாகத்தின்மேல் மெல்லிய கோடு விழும். அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் அந்தக் கோடு முகத்தின் நடுவில் விழுகிறதா, தாடையின் மடிப்பில் விழுகிறதா என்பதை ஒருவர் தீர்மானிக்கிறார். தடிமனான இடத்தில் பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கிக் குழி விழும். அந்தக் குழி தோள்பட்டையின் தட்டையான பரப்பில் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கலாம். இரண்டு பாகங்களைச் சேர்க்கும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். பசை இல்லாமல், இடைவெளி இல்லாமல், அதிகமாக அழுத்தவும் வேண்டாமல் அந்தச் சத்தம் வந்தால் கிட் செய்தவருக்குத் தன் வேலை தெரியும். துப்பாக்கியைப் பிடித்த கை ஒரு மணி நேரத்தில் தானாகத் தாழ்ந்துவிடுகிறதா, இடுப்பு தளர்கிறதா, செயல்முறைப் புத்தகத்தில் அம்புக்குறி தெளிவாக இருக்கிறதா. இப்படியே போகும்.

இதெல்லாம் ருசி சார்ந்தது இல்லை. விரலுக்குத் தெரியும். எனக்குத் தெரிகிற குழி உங்களுக்கும் தெரியும். அதனால்தான் தரக் கட்டம் ஒரே மாலையில் நிரம்பியது. அதிலும் ஒரே ஒரு இடத்தில் தடுமாறினேன். 2010-ல் வந்த ரியல் கிரேடு ஆர்எக்ஸ்-78-2. ஒரே சட்டத்திலேயே மூட்டுகளோடு சேர்ந்தே வார்க்கப்பட்ட எலும்புக்கூடு, அதன்மேல் நகம் அளவுப் பாகங்கள், உள்ளங்கையில் அடங்கும் உடம்பில் கண்ணைப் பறிக்கும் நுணுக்கம். வார்ப்புக் கலை என்று பார்த்தால் அந்த 11 பெட்டிகளிலேயே இதுதான் பெரிய அதிசயம். ஆனால் கட்டி முடித்துக் கொஞ்ச நாள் ஆட்டிப் பார்த்தால் மூட்டு தளரும், தூக்கினால் ஏதாவது ஒரு சின்னப் பாகம் உதிரும். “அருமை. தொடாதே” என்று எழுதினேன். இது ஒரு தரமா, இரண்டு தரமா?

*

கட்டி முடித்த ஆறில் ஒன்று அந்த 1980-ம் வருட 300 யென் கிட்டின் மறுபதிப்பு. பண்டாய் அதே வடிவத்தை இன்றும் மறுபடி மறுபடி அச்சடித்துக்கொண்டிருக்கிறது. நண்பன் அதை வாங்கியது வரலாற்று ஆர்வத்தில். பசை போட்டு ஒட்ட வேண்டிய கிட். நிறம் பிரிக்கப்படவில்லை, வண்ணம் நீங்களே பூச வேண்டும். உடம்பின் நடுவில் ஒட்டிய கோடு அப்பட்டமாகத் தெரியும். அசைவு என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். மேலே சொன்ன எந்த அளவுகோலை வைத்தாலும் இது தேறாது.

ஆனால் கன்பிளா என்ற ஒன்று உருவானதே இந்தத் தேறாத கிட்டால்தான். சரியாக மடங்காத முழங்காலை அறுத்து மடக்கினார்கள், இடைவெளியைப் புட்டி வைத்து அடைத்தார்கள், டிவியில் பார்த்த ரோபோ மாதிரி வரும்வரை தேய்த்தார்கள். 1981-ல் ஹாபி ஜப்பான் பத்திரிகை ‘ஹவ் டு பில்ட் கண்டம்’ என்று ஒரு தனிப் புத்தகமே போட்டது. அடுத்த வருடம் பிள்ளைகள் பத்திரிகை ஒன்றில் கன்பிளா கட்டும் சிறுவனை நாயகனாக வைத்து ‘பிளாமோ கியோஷிரோ’ என்ற மாங்கா ஆரம்பித்தது. கிட்டின் குறைதான் இதற்கெல்லாம் இடம் விட்டது.

இதற்கு நேரெதிர் முனையில் 2020-ல் வந்த என்ட்ரி கிரேடு. அதே ரோபோ, அதே அளவு, 700 யென். நிப்பர்கூட வேண்டாம், விரலால் அழுத்தினாலே பாகம் கழன்று வரும். பசை இல்லை, ஸ்டிக்கர் இல்லை. வெள்ளை, நீலம், சிவப்பு, மஞ்சள் எல்லாம் பாகத்திலேயே பிரிந்து வருகிறது. இதைவிட நேர்த்தியான பொருளை அந்த விலையில் யாராவது செய்திருக்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம். என் அக்கா மகளிடம் ஒன்று கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் கட்டிவிட்டு நிமிர்ந்து, “அவ்ளோதானா மாமா?” என்றாள்.

இந்த இடத்தில்தான் என் மாதிரி ஆட்கள் ஒரு பிரசங்கத்தை ஆரம்பிப்போம். அந்தக் காலத்துக் கிட்டில் உழைப்பு இருந்தது, இப்போது எல்லாம் ரெடிமேட், இத்யாதி. நானும் ஆரம்பித்தேன், நோட்டில் அரைப் பக்கம் எழுதியும்விட்டேன். பிறகு வெட்கமாகிவிட்டது. 1981-ல் நான் பிறக்கவில்லை. ஜப்பானுக்கு இன்றுவரை போனதில்லை. இது இரவல் ஏக்கம். தவிர, குறையுள்ள பொருளைப் பாராட்டும்போது அதைச் சரிசெய்த நம்மையே நாம் பாராட்டிக்கொள்வதும் உண்டு. நான் கெட்டிக்காரன் என்று தெரிய வேண்டும் என்பதற்காகக் கிட் மோசமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்? அக்கா மகள் அந்த ரோபோவை வைத்து ஒரு வாரம் விளையாடினாள். என்னுடையவை அலமாரியில் தூசி தின்றுகொண்டிருந்தன.

இருந்தாலும் “அவ்ளோதானா” என்ற கேள்வி போகவில்லை. யோசித்ததில் ஒன்று பிடிபட்டது. கிட் என்பது ஒரு பொருள் மட்டும் இல்லை, கொஞ்சம் வேலையும்கூட. நாம் காசு கொடுத்து வேலையை வாங்குகிறோம், வேறு எந்தக் கடையிலும் இந்தக் கூத்து நடக்காது. அப்படியென்றால் கேட்க வேண்டியது, இந்தக் கிட் எனக்கு எந்த வேலையைக் கொடுக்கிறது என்பது. அதில் இரண்டு வகை இருக்கிறது. செய்தவர் அலட்சியத்தால் செய்யாமல் விட்டது ஒன்று: பொருந்தாத பாகத்தைத் தேய்ப்பது, குழியை நிரப்புவது. அது அவர் வேலை, என் தலையில் விழுந்திருக்கிறது. எனக்காக விட்டுவைத்தது இன்னொன்று: எந்த நிறம், போரில் அடிபட்ட ரோபோவா புத்தம் புதியதா, எப்படி நிற்க வேண்டும். என்ட்ரி கிரேடு முதல் வகையைக் கிட்டத்தட்ட ஒழித்துவிட்டது. அதற்காக அதைக் கும்பிடலாம். இரண்டாவது வகையை அது தடுக்கவில்லை, ஆனால் கேட்கவும் இல்லை. எல்லாம் தயாராக இருப்பதால், இன்னும் ஏதோ செய்யலாம் என்று ஒரு எட்டு வயதுக்காரிக்குத் தோன்ற வழியில்லை. 300 யென் கிட்டோ இரண்டையும் கலந்து கொட்டிவிட்டது. அது பொய் சொல்லவில்லை என்பதுதான் அதன் பக்கத்து நியாயம். 300 யென்னுக்கு இவ்வளவுதான், மிச்சம் உன் பாடு என்று கொடுத்தது.

*

போர் டாங்கி மாடலுக்கு ஒரு வசதி உண்டு. மியூசியத்தில் நிஜ டாங்கி நிற்கும், அளந்து பார்த்துவிடலாம். கண்டத்துக்கு எதை அளப்பது? 18 மீட்டர் உயரம் என்று கதையில் சொல்கிறார்கள், 144-ல் ஒரு பங்கென்றால் 12.5 சென்டிமீட்டர். உயரம் சரி. தோள் எவ்வளவு அகலம்? ஓகவாராவின் கோட்டுப்படத்தில் ஒன்று, தொடரில் அசையும்போது ஷாட்டுக்கு ஷாட் வேறொன்று. ஓவியத்தில் முழங்கால் தேவைப்படும் பக்கம் வளைந்துகொள்ளும், பிளாஸ்டிக்கில் அந்தச் சலுகை கிடையாது. 2009-ல் டோக்கியோவின் ஒடைபாவில் முழு உயரத்துக்கு நிறுத்தினார்களே, அதுவும் ஒரு விளக்கம்தான், மூலம் ஆகாது.

ஆக இதுவரை வந்த ஆர்எக்ஸ்-78-2 கிட்கள் எல்லாமே மூலமில்லாத நகல்கள். (இந்த இடத்தில் ஒரு பிரெஞ்சுக்காரரை இழுத்துவரச் சொல்லிக் கை அரிக்கிறது. வேண்டாம்.) ஒரே கீர்த்தனையைப் பத்துப் பேர் பாடுவதுபோல என்று சொல்லலாம். 1990 ஹை கிரேடு, 1995 மாஸ்டர் கிரேடு, 1998 பெர்ஃபெக்ட் கிரேடு, ஒவ்வொன்றும் இந்த ரோபோ இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஒருவர் எடுத்த முடிவு. ‘அச்சு அசலாக இருக்கிறது’ என்று யாராவது கிட்டைப் புகழ்ந்தால், அவருடைய பன்னிரண்டு வயதில் பார்த்த ரோபோ மாதிரி இருக்கிறது என்று அர்த்தம். அதிலும் தப்பில்லை. ஆனால் அதைத் தரக் கட்டத்தில் எழுத முடியாது.

*

விலைக் கட்டத்துக்கு வருகிறேன். கன்பிளா சந்தையில் ஒரு விதி இருக்கிறது, யாரும் அதை விநோதமாக எடுத்துக்கொள்வதில்லை: கட்டினால் விலை போச்சு. பிரிக்காத பெட்டிக்கு முழு விலை, நிறுத்தப்பட்ட வகையென்றால் கூடவே கிடைக்கும். பெட்டி திறந்து, உள்ளே பைகள் பிரியாமல் இருந்தால் கொஞ்சம் குறையும். கட்டி முடித்திருந்தால் பேரம் அடிமட்டத்திலிருந்து ஆரம்பிக்கும். பெயர் பெற்ற கைகள் வண்ணம் பூசியவை மட்டும் விலக்கு. கிட் எதற்காகச் செய்யப்பட்டதோ அது நடக்காமல் இருக்கும்வரைதான் அதற்குச் சந்தையில் மதிப்பு. கோலமாவை வாசலில் போடாமல் பொட்டலமாகவே அலமாரியில் அடுக்கி, வருடா வருடம் விலை ஏறுகிறதா என்று பார்ப்பதுபோல.

ஜப்பானியர்கள் கட்டாமல் குவித்த கிட்களை ‘சுமிபிளா’ என்பார்கள். ‘சுமி’ என்றால் அங்கே குவிப்பது. அதே ஒலிப்பில் பாவம் என்றும் அர்த்தம் உண்டு, அதை வைத்து அவர்களே தங்களைக் கிண்டல் செய்துகொள்வார்கள். எனக்கோ சுமை என்று கேட்கிறது.

பிரிக்காத 11-ல் ஒன்று, ஆன்லைனில் மட்டும் குறைந்த காலத்துக்கு விற்றது. கொரோனா காலத்துத் தட்டுப்பாட்டுக்குப் பிறகு அதன் விலை மூன்று மடங்காகியிருந்தது. இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவர் மூன்று மடங்கு தருவதாகச் சொன்னார், பிரிக்கவே மாட்டாராம். இன்னொருவர் அசல் விலைக்குக் கேட்டார், அந்த வாரமே கட்ட ஆரம்பிப்பதாகச் சொன்னார். என் மனம் இரண்டாமவர் பக்கம். நண்பனைக் கேட்டேன். “அதிகமா தர்றவருக்கே குடு மச்சான், டிக்கெட்டுக்கு ஆகும்.” அவன் பொருள், அவன் கடன், அவன் டிக்கெட். என் தத்துவத்துக்கு அவன் ஏன் காசு கட்ட வேண்டும்? மூன்று மடங்குக்கே கொடுத்தேன். பெட்டியின் ஓரம் நசுங்காமல் இருக்க வாங்கியவர் கூடுதல் பபிள் ராப் கேட்டார், சுற்றிக் கொடுத்தேன்.

கட்டி முடித்தவற்றில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு ஹை கிரேடு, நண்பனின் முதல் கிட், 2016-ல் காலேஜ் ஹாஸ்டலில் கட்டியது. நிப்பர் வாங்கக் காசில்லாமல் நகவெட்டியால் வெட்டியிருக்கிறான். ஒவ்வொரு காம்புத் தழும்பும் வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது. கண் ஸ்டிக்கர் கோணல், வலது பக்கம் ஏற்றம். நெற்றிக் கொம்பு ஒடிந்து ஃபெவிக்விக்கில் ஒட்டியிருக்கிறான், பசை வெளுத்துப் பூத்திருக்கிறது. தரக் கட்டத்தில் நேர்மையாக எழுதினேன்: “கிட் நல்லது. வேலை மோசம்.” விலைக் கட்டத்தில் முதலில் 100 என்று எழுதினேன். அடித்துவிட்டு 0 போட்டேன். அதையும் அடித்தேன். அந்த வருடம் அந்த ஹாஸ்டலில் பக்கத்து அறையில் நான் இருந்தேன். ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டி, “நிக்குதுடா” என்று காட்டினான். நான் கன்பிளாவுக்குள் வந்ததே அந்த ராத்திரியில்தான். ஆனால் இது வாங்குகிறவருக்கு விற்கக்கூடிய சரக்கு இல்லை. உணர்ச்சியைக் காட்டி விலை ஏற்றுவது ஒரு மாதிரி ஏமாற்று. கட்டம் காலியாகவே இருக்கட்டும் என்று விட்டேன்.

யானகி சோயெட்சு என்று ஒரு ஜப்பானியச் சிந்தனையாளர். 1925 வாக்கில் நண்பர்களோடு சேர்ந்து ‘மிங்கேய்’ என்ற சொல்லை உருவாக்கியவர், மக்கள் கைவினை என்று பொருள். பெயர் போடாத கைவினைஞர்கள் நிறைய எண்ணிக்கையில் மலிவாகச் செய்த சட்டி, கூடை, துணி, அவற்றில்தான் உண்மையான அழகு இருக்கிறது என்றார். மலிவு, எண்ணிக்கை, பெயரின்மை மூன்றும் 300 யென் கிட்டுக்கும் பொருந்துவதால் அவரை என் கட்சியில் சேர்த்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன். ஒத்துவராது. அவர் கையால் செய்த பொருளைப் பற்றிப் பேசினார். அது தினமும் பயன்பட வேண்டும், பயன்பட்டுப் பயன்பட்டு மெருகேற வேண்டும். எங்கள் ரோபோவின் பயன்பாடு கட்டி முடிக்கும் அன்றோடு முடிகிறது. மிச்சம், மக்காத பாலிஸ்டைரீன். காலிச் சட்டங்களை உருக்கித் திரும்பப் பயன்படுத்த 2021-ல் ஜப்பானில் ஒரு சேகரிப்புத் திட்டம் ஆரம்பித்தார்கள். இங்கே அவை குப்பை வண்டிக்குப் போகின்றன. ஒவ்வொரு தடவையும் அந்தப் பையைக் கட்டும்போது என் அம்மாவின் கண்டம் ஜோக் கொஞ்சம் குறைவாகவே ஜோக்காகத் தெரிகிறது.

*

ஒன்பதாவது பெட்டி போலி.

மேல்மூடியைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. பெட்டியின் அச்சில் நிறம் கொஞ்சம் சிவந்திருந்தது, நிறுவனத்தின் முத்திரை இருக்க வேண்டிய இடம் காலி. உள்ளே ரன்னரின் பட்டையில் செதுக்கியிருக்கும் பெயர் மழிக்கப்பட்டிருந்தது. பிளாஸ்டிக்கில் எண்ணெய் வாடை. ஒரு மாஸ்டர் கிரேடின் அப்பட்டமான நகல், யாரோ அசலை வாங்கி, ஒவ்வொரு பாகத்தையும் பிரதியெடுத்து, புதிதாக அச்சு வெட்டியிருக்கிறார்கள்.

நண்பனுக்குப் போன் செய்தேன்.

“தெரியும்டா. தெரிஞ்சுதான் வாங்குனேன். பாதி ரேட்.”

“நீ சொல்லவே இல்லையே.”

“சொல்ல என்ன இருக்கு? அதே பிளாஸ்டிக்தான். கட்டி வச்சா உனக்கே வித்தியாசம் தெரியாது. அவ்ளோ பெரிய கம்பெனிக்கு என் ரெண்டாயிரம் ரூபாயாலதான் நஷ்டமா?”

அவன் வாதத்தைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. பைரேட் டிவிடியில் அனிமே பார்த்து, பிடிஎஃப்பில் நாவல் படித்து வளர்ந்தவன் நான். இதைப் படிக்கிற உங்களில் பலரும் அப்படித்தான் இருப்பீர்கள். கப்பல் கட்டணமும் சுங்கவரியும் சேர்ந்து இங்கே அசலின் விலை எங்கேயோ போய்விடுகிறது. காசில்லாதவன் ரசிக்கக் கூடாதா? அசல் நிறுவனமே அச்சடிப்பதை நிறுத்திய வகைகளைப் போலிக்காரர்கள் தொடர்ந்து போடுகிறார்கள் என்ற வாதமும் இருக்கிறது. தரம் பொருளிலேயே இருக்கிறது என்று மேலே நான் எழுதியதை அப்படியே ஏற்றுக்கொண்டால், அசலில் பெரும்பகுதி நேர்த்தியைப் பாதி விலைக்குத் தரும் நகல் நல்ல பேரம்தானே?

இரண்டு பாகங்களை வெட்டிப் பார்த்தேன். வெட்டும்போது மறுபடியும் அந்தக் காம்பு. பார்வையில் படாத ஓரத்தில், மூடப்படும் இடத்தில், மிகச் சரியாக இருந்தது. ஷிசுவோகாவில் என் நடுங்கும் கையை நினைத்த அந்த ஆளின் யோசனை, முழுசாக இங்கேயும் இருந்தது. அச்சுக்கோடு தாடை மடிப்பில்தான் விழுந்திருந்தது. யோசித்தவரின் பெயரை மழித்த அதே சட்டத்தில் அவருடைய யோசனை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு உறுத்தியது அதுதான். கம்பெனியின் லாபத்தைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. ஆனால் ஒவ்வொரு கிட்டைக் கட்டும்போதும் நான் யாருக்கோ ஒரு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன், பெயர் தெரியாவிட்டாலும். இதில் அந்த நன்றி தப்பான முகவரிக்குப் போகிறது. பிடிஎஃப்பில்கூட எழுதியவரின் பெயர் முதல் பக்கத்தில் இருக்கும்.

இது திருட்டைப் பற்றிய முழு விடை இல்லை என்று தெரியும். நண்பன் திருடன் என்று என்னால் சொல்ல முடியவில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் விற்கும் இடத்தில் நிற்கிறவன் நான். அங்கே கேள்வி வேறு.

அந்த வாரம் ஒரு தம்பி மெசேஜ் அனுப்பினான். பாலிடெக்னிக் இரண்டாம் வருடம். “அண்ணா அந்த மாஸ்டர் கிரேடு இன்னும் இருக்கா? இதான் என் ஃபர்ஸ்ட் எம்ஜி.” கூடவே அசல் விலையை ஒட்டி அவனாகவே ஒரு தொகையும் சொல்லியிருந்தான், மூன்று மாதம் சேர்த்த காசாம். அவன் கேட்டது ஒன்பதாவது பெட்டியை. லிஸ்ட்டில் நான் பெயரை மட்டும்தான் எழுதியிருந்தேன். அந்தத் தொகைக்குக் கொடுத்திருந்தால் ஒருவேளை அவனுக்குத் தெரிந்தே இருக்காது. நண்பனுக்கும் காசு. கட்டி முடித்து அவன் சந்தோஷப்பட்டிருப்பான், அந்தச் சந்தோஷத்தில் ஒரு கிராமும் போலி இருந்திருக்காது. இதை நான் ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

காலையில் எழுதினேன். “தம்பி, இது போலி. அசல் இல்ல. பிளாஸ்டிக் கொஞ்சம் மட்டம், இடுப்பு லூஸா இருக்கும்னு தோணுது, டீக்கல் சுமார். நீ சொன்ன காசுக்கு அசலே கொஞ்ச நாள் பொறுத்தா கிடைக்கும்.”

இரண்டு நாள் பதில் இல்லை. கோபம் என்று நினைத்தேன். மூன்றாம் நாள்: “அண்ணா, எவ்ளோ லூஸ்?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நன்றி, முகவரி, ஷிசுவோகா என்று நான் ஒரு உலகத்தைச் சுமந்துகொண்டிருக்க, அவன் நேராகத் தரக் கட்டத்துக்கு வந்துவிட்டான். இடுப்பு மூட்டின் உருண்டைமேல் நிறமில்லாத நெயில் பாலிஷை மெல்லிசாக ஒரு கோட் பூசி, முழுசாகக் காயவிட்டு மாட்டினால் இறுகும் என்று சொன்னேன். தின்னர் அதிகம் படாமல் பார்த்துக்கொள், ஏபிஎஸ் பாகம் விரிசல் விடும் என்றும் சொன்னேன். நண்பன் வாங்கிய பாதி விலையிலும் பாதி போட்டேன். “உன் ஃபிரண்ட்ஸ் யாராச்சும் கேட்டா அசல்னு சொல்லாத” என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை. அவன் எடுத்துக்கொண்டான்.

இரண்டு மாதம் கழித்துப் படம் அனுப்பினான். பெட்டியில் போட்டிருந்த வெள்ளை, நீலம் எதுவும் இல்லை. உடம்பு முழுக்கத் துருப்பிடித்த சிவப்பு, அவன் ஊர்ப் பக்கம் தண்டவாளத்தில் நிற்கும் பழைய சரக்குப் பெட்டிகளைப் பார்த்துப் பூசினானாம். தோளில் வெள்ளையில் சின்னதாக எண்கள், கையால் எழுதியவை. இடது இடுப்பு லேசாகச் சாய்ந்துதான் இருந்தது. படத்தைப் பெரிதாக்கி முழங்கால் தட்டைப் பார்த்தேன், ஒரு காம்புத் தழும்பு மட்டும் பெயிண்டுக்கு அடியில் மேடாகத் தெரிந்தது. அதைச் சொன்னேன்.

“என்ன நம்பர் உப்புத்தாள் அண்ணா போடணும்?”

“400-ல ஆரம்பி. அப்புறம் 600, 1000. ஒரே திசையில தேய்.”

“பெயிண்ட் போயிடுமே?”

“போகும். அந்த எடத்துக்கு மட்டும் திரும்ப அடி.”

சரி அண்ணா என்று போட்டுவிட்டு, அசல் ஒன்றுக்குக் காசு சேர்க்க ஆரம்பித்திருப்பதாகவும் எழுதியிருந்தான். எந்த வகை என்று கேட்டிருக்கிறேன்.